வேம்பில் கட்டிய மஞ்சள் துணி

நம் ஊரில் வசந்தகாலம் என்று ஒன்று கிடையாது என்பார்கள். வெயில், மழை, வெயிலோடு மழை, அவ்வளவுதான் என்பார்கள். நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். சீனப் பெருநாள் முடிந்து இரண்டு மூன்று வாரம் வானம் வாயை இறுக மூடிக்கொள்ளும். புல் காய்ந்து போகும். அப்புறம் ஒருநாள் சாயங்காலம் இடியோடு ஒரு மழை கொட்டும் பாருங்கள், சில நாளில் கிள்ளான் ரோட்டோரத்து அங்சானா மரமெல்லாம் மஞ்சளாகப் பூத்து, நிறுத்தியிருக்கிற கார்களின் மேலெல்லாம் உதிர்ந்து கிடக்கும். அது வசந்தம் இல்லாமல் வேறென்ன? இருபத்தெட்டு வருஷம் கிள்ளானை அடுத்த மேருவில் ஒரு கையுறைத் தொழிற்சாலைக்குள் உட்கார்ந்து, ஓட்டை விழுந்த கையுறையைப் பொறுக்கிப் போட்டவள் நான். அந்த அறைக்கு ஜன்னலே கிடையாது. அங்சானா பூப்பதை நின்று பார்த்ததே வேலையை விட்ட பிறகுதான்.

வேலையை விட்ட கையோடு நிலம் தேட ஆரம்பித்தேன். ஐம்பத்து நாலு வயதில் உனக்கு ஏன் இந்த வேலை என்று கேட்காத ஆள் இல்லை. என்ன செய்வது, வீட்டு முன்னால் நாற்பது தொட்டி ஆகிவிட்டது. தூதுவளை, கற்பூரவல்லி, ஆடாதோடை, துளசி எல்லாம் வாசலை அடைத்துக்கொண்டு நின்றன. தொழிற்சாலையில் யாருக்கு இருமல் வந்தாலும் நேரே என் பையில்தான் கை விடுவார்கள். என் வீட்டுக்காரர் போர்ட் கிள்ளானுக்கு லோரி ஓட்டுகிறவர். அவ்வளவு பெரிய லோரியைத் துறைமுகத்தில் ரிவர்ஸ் எடுக்கிற மனிதர், சொந்தக் காரை வாசலில் நிறுத்த இடமில்லாமல் எதிர்வீட்டு முன்னால் நிறுத்திவிட்டு வந்து, தினமும் எனக்கு அர்ச்சனை நடத்துவார்.

இடம் மேருவிலேயே கிடைத்தது. அரை ஏக்கர்கூட இருக்காது. ஒரு பக்கம் லிஃப்ட் இல்லாத ஐந்து மாடி பிளாட், ஒரு பக்கம் தொழிற்சாலைச் சுவர், பின்னால் கால்வாய், முன்னால் சந்து. சந்து ஓரத்தில் யார் எப்போது நட்டதோ, ஒரு வேப்பமரம். நிலத்துச் சொந்தக்காரர் ஒரு சீனத் தவுக்கே, அதாவது முதலாளி, மெயின் ரோட்டில் இரும்புச் சாமான் கடை வைத்திருப்பவர். எழுபது வயதிருக்கும். என்னோடு மலாயில்தான் பேசுவார், கோபம் வந்தால் மட்டும் தமிழில் ‘ஐயோயோ’ என்பார்.

அவர் போட்ட நிபந்தனை ஒன்றே ஒன்று. என்ன வேண்டுமானாலும் நட்டுக்கொள், கோயில் மட்டும் ‘தாக் போலே’, கூடவே கூடாது என்றார். எனக்குச் சுருக்கென்றது. அப்புறம் கதையைச் சொன்னார். அவருடைய இன்னொரு நிலத்தில் மரத்தடியில் யாரோ ஒரு கல் வைத்தார்களாம். அடுத்த வருஷம் கல்லுக்குத் தகரக் கூரை வந்ததாம். அதற்கடுத்த வருஷம் கமிட்டி வந்ததாம். பிறகு கமிட்டி இரண்டாக உடைந்து, இரண்டு தலைவர்களும் ஆளுக்கொரு போலீஸ் ரிப்போர்ட் கொடுத்து, இவரைக் கூப்பிட்டு ஸ்டேஷனில் நடுவில் உட்கார வைத்தார்களாம். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. நம் ஆட்களை இவ்வளவு நன்றாகப் படித்து வைத்திருக்கிறாரே! கோயில் என்ற பேச்சுக்கே இடமில்லை என்று சொல்லிவிட்டு வந்தேன்.

முதல் பாதி வருஷம் நாறிப்போனது. வருஷக் கடைசி மழையில் கால்வாய் பொங்கி உள்ளே வந்து, துளசி வேரோடு அழுகியது. மிஞ்சியிருந்த கீழாநெல்லியை என் வீட்டுக்காரர் ஒரு ஞாயிற்றுக்கிழமை எனக்கு உதவி செய்கிறேன் பேர்வழி என்று புல்வெட்டும் மெஷினால் மழித்துத் தள்ளிவிட்டார். களை என்று நினைத்தாராம். மூன்று நாள் அவரோடு நான் பேசவில்லை. நாலாம் நாள் அவருக்கு மட்டும் குழம்பில் உப்புப் போடாமல் வைத்தேன், அவர் வாயைத் திறக்காமல் சாப்பிட்டார்.

சீனப் பெருநாளுக்கு இரண்டு ஆரஞ்சுப் பழத்தை எடுத்துக்கொண்டு தவுக்கே கடைக்கு வாழ்த்துச் சொல்லப் போனேன். அவர் வாங்கிக்கொண்டு, பதிலுக்கு நாலு பழம் கொடுத்துவிட்டு, விஷயத்துக்கு வந்தார். ஓர் ஆள் லோரி நிறுத்த அந்த நிலத்தைக் கேட்டுக்கொண்டே இருக்கிறான், இது வரைக்கும் நீ அங்கே விளைவித்தது சேறுதான் என்றார். கடை வாசலில் ஒட்டியிருந்த சிவப்புத் தாளைக் காட்டி, அதில் எழுதியிருப்பது வசந்தம், வசந்தம் வந்தால் செடி வளர வேண்டும் என்றார். தமிழ்ப் புத்தாண்டுக்கு முந்தின சனிக்கிழமை வந்து பார்ப்பேன். தோட்டம் இருந்தால் தோட்டம், இல்லாவிட்டால் லோரி என்றார். லோரி என்றால் என்னுடையதையும் அங்கேயே நிறுத்தலாம் என்று அன்றைக்கு ராத்திரிச் சாப்பாட்டில் என் வீட்டுக்காரர் சொன்ன வாய்க்கு நான் என்ன கொடுத்தேன் என்பதை இங்கே எழுத வேண்டாம்.

ஆனால் ஒன்று, அந்தக் கெடுதான் என்னைக் கிளப்பிவிட்டது. காலை ஆறரைக்கெல்லாம் நிலத்தில் நிற்பேன். பாத்தியெல்லாம் முழங்கால் உயரத்துக்கு மேடாக்கினேன். மாட்டுச் சாணி, அடுப்புச் சாம்பல், செம்பனைக் குலைச் சக்கை மூன்றையும் போட்டுக் கிளறினேன். ஆடாதோடையைக் கணுவுக்குக் கீழே சரித்து வெட்டி நட்டேன். தூதுவளைக்குக் கம்பிவலை கட்டினேன், அதன் முள் என் பத்து விரலிலும் கையெழுத்துப் போட்டது. வல்லாரையை மட்டும் கால்வாய் ஓரத்து ஈரத்தில் விட்டேன், அது என்னைக் கேட்காமலேயே ஓடிப் படர்ந்தது. நிலவேம்பு விதையைத் தூவிவிட்டு, முளைத்ததா முளைத்ததா என்று பிள்ளை பெற்றவள் தொட்டிலை எட்டிப் பார்ப்பதுபோல் ஒரு நாளைக்கு ஐந்து தடவை போய்ப் பார்ப்பேன். பத்தாம் நாள் பச்சை தெரிந்தது. எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை, துறைமுகத்தில் வரிசையில் நின்றுகொண்டிருந்த வீட்டுக்காரருக்கு வாட்ஸாப்பில் படம் அனுப்பினேன். அவர் ‘களையா?’ என்று பதில் அனுப்பினார்.

அந்த வாரம்தான் வேப்பமரத்தை அண்ணாந்து பார்த்தேன். இலைக்கு நடுவே கொத்துக் கொத்தாக, கடுகளவு மொட்டு!

கிள்ளான் ஈரத்தில் வேம்பு வளரும், தழைக்கும், ஆனால் பூக்க மாட்டேன் என்று அடம் பிடிக்கும். இந்த வருஷத்து வறட்சியில் அதற்கும் ஏதோ புத்தி வந்திருக்கிறது. சித்திரை முதல் நாள் வேப்பம்பூப் பச்சடிக்கு நாங்கள் எல்லோரும் இந்தியாவிலிருந்து வருகிற காய்ந்த பூவைத்தான் வாங்குவோம். பாதி பூ, பாதி தூசி. அன்றைக்கே கொமுட்டர் ரயில் ஏறி கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸுக்குப் போய், மூலிகைக் கடை வைத்திருக்கிற ஒரு தம்பியிடம் படத்தைக் காட்டினேன். பச்சைப் பூவா என்று அவர் கல்லாவை விட்டு எழுந்து வந்தார். எவ்வளவு இருந்தாலும் கொண்டு வாருங்கள், கூடவே தூதுவளையும் நிலவேம்பும் மாதாமாதம் எனக்கே கொடுங்கள் என்றார். திரும்பி வரும்போது ரயிலில் உட்காரவே முடியவில்லை எனக்கு. பூவை மட்டும் பறித்துக் காட்டிவிட்டால், இந்த நிலம் வெறும் சேறு என்று தவுக்கே எப்படிச் சொல்வார்?

அங்கேதான் வந்தது வினை. வேப்பிலைக்கு நம் ஆட்களிடம் இருக்கிற கிராக்கியைச் சொல்லி முடியாது. அம்மை போட்டால் வேப்பிலை, தீமிதி என்றால் வேப்பிலை, புது வீடு, புதுக் கார், வயதுக்கு வந்த பெண், எல்லாவற்றுக்கும் வேப்பிலை. சந்தில் காரை நிறுத்தி, ஜன்னலை இறக்கி, கையை நீட்டி ஒரு கிளையை முறித்துக்கொண்டு போய்விடுவார்கள். கிளையோடு என் மொட்டும் போகும். அட்டையில் ‘பறிக்காதீர்கள்’ என்று மூன்று மொழியில் எழுதித் தொங்கவிட்டேன். அட்டையைத் தாங்கியிருந்த கிளையையே மறுநாள் காணவில்லை. ஒரு பெண்மணியைக் கையும் களவுமாகப் பிடித்துக் கேட்டால், மரம் என்ன உங்க அப்பா வீட்டுச் சொத்தா என்று என்னையே கேட்டுவிட்டு, ஒடித்த கிளையோடு காரில் ஏறினார்.

மறுநாள் விடியற்காலை, ஆள் நடமாட்டம் தொடங்கும் முன்னால், பாசாரில் வாங்கிய இரண்டு கஜம் மஞ்சள் துணியோடு போனேன். சந்தில் இந்தப் பக்கம் பார்த்தேன், அந்தப் பக்கம் பார்த்தேன். தொழிற்சாலைச் சுவரோரம் பார்த்தேன், கால்வாய்ப் பக்கம் பார்த்தேன். ஒரு நாய்கூட இல்லை. துணியை அடிமரத்தில் சுற்றி இரண்டு முடிச்சுப் போட்டு, மேலே மஞ்சள் குழைத்துப் பூசி, நடுவில் பெரிதாக ஒரு குங்குமப் பொட்டு வைத்தேன். இனி எவள் கிளையை முறிக்கிறாள் பார்க்கிறேன் என்று கையைத் தட்டிவிட்டு வந்தேன்.

என்ன சொல்ல, அவ்வளவு நன்றாக வேலை செய்தது! அன்றைக்கு ஒரு கார்கூட நிற்கவில்லை. என் அப்பா வீட்டுச் சொத்தா என்று கேட்ட பெண்மணி காரில் போகிறபோது மரத்தைப் பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டு போனார். நான் தூதுவளைக்குப் பின்னால் குனிந்துகொண்டு சிரித்த சிரிப்பில் இடுப்பு வலி கண்டுவிட்டது.

மூன்றாம் நாள் மரத்தடியில் ஓர் அகல் விளக்கு எரிந்தது. பிளாட்டின் ஐந்தாவது மாடியில் இருக்கிற ஓர் அக்கா ஏற்றியிருந்தார். அறுபது தாண்டியவர், முட்டிவலிக்காரர், ஒவ்வொரு படியாக உட்கார்ந்து எழுந்துதான் இறங்குவார். கும்பிட்டார், போனார். போகட்டும், ஒரு விளக்கு என்ன செய்துவிடும் என்று விட்டுவிட்டேன். ஒரு வாரத்தில் எலுமிச்சம்பழம் வந்தது. பிறகு யாரோ சட்டம் போட்ட அம்மன் படம் வைத்தார்கள். பிறகு ஒரு சூலம் நட்டார்கள். பக்கத்துக் கார் கழுவும் கடைக்காரர் ஒருவர், அவரை நம்பர்காரர் என்றே சொல்கிறேன், ஒருநாள் முகப் பவுடரை அடிமரத்தில் அப்பித் தேய்த்து, பட்டையில் லாட்டரிக்கு நாலு நம்பர் தெரிகிறது என்றார். எங்கள் ஊரில் மரமோ பாம்போ விபத்தான காரோ, எதைப் பார்த்தாலும் நாலு நம்பர் தெரிகிற கண் சிலருக்கு உண்டு. அவருக்கு ஆறுதல் பரிசும் விழுந்து தொலைத்தது. அவ்வளவுதான், மறுநாளிலிருந்து மேருவின் பாதிப் பவுடர் என் வேப்பமரத்தில்தான். ஊதுபத்தியோடு சீனர்களும் வந்தார்கள். பிளாஸ்டிக் நாற்காலிகள் வந்தன. பிள்ளையார் பிடிக்கப் போய்க் குரங்காய் முடிந்தது என்பார்கள், நான் குரங்கை விரட்டப் போய் அது அம்மனாய் முடிந்தது.

இதற்கிடையே தோட்டம் என்னமாய் எழுந்து வந்தது தெரியுமா! நிலவேம்பு முழங்கால் உயரம் வந்துவிட்டது. துளசி இரண்டாம் தடவை பிழைத்து, கதிர் விட்டது. மழித்த இடத்தில் கீழாநெல்லி தானே முளைத்து, என் வீட்டுக்காரரை மன்னித்தது. வேம்பில் மொட்டு விரிந்து, வெள்ளை வெள்ளையாகப் பூ. காலையில் சந்துக்குள் திரும்பும்போதே தேன் மாதிரி வாசனை மூக்கில் ஏறும். நான் ஏணியைச் சாய்த்து, கழுத்தில் பையை மாட்டி, முதல் படியில் கால் வைத்தேன்.

“சாமி மரத்துல கால வெக்கிறீங்களே ஆன்டி, நல்லாவா இருக்கு?” என்றார் பின்னாலிருந்து நம்பர்காரர். அவரோடு பவுடர் டப்பாவும் கையுமாக இன்னும் நாலு பேர். ஒரு கால் ஏணியிலும் ஒரு கால் தரையிலுமாக நான் நின்றேன். என் தோட்டம், என் ஏணி, என் பூ. இருந்தும் இறங்கினேன். இறங்கியதும் நம்பர்காரர் மிகுந்த மரியாதையோடு ஒரு செய்தி சொன்னார். கமிட்டி போட்டாயிற்றாம். சின்னதாக ஒரு மேடை கட்டப் போகிறார்களாம். நிலம் பார்த்துக்கொள்கிறவர் என்பதால் மகளிர் பிரிவுத் தலைவியாக என்னைப் போடுவதாக முடிவாம்.

மறுநாள் மரத்தடியில் மூன்று மூட்டை சிமெண்டும் ஐம்பது செங்கலும் இறங்கியிருந்தன. அன்று மத்தியானமே தவுக்கேயிடமிருந்து போன். சிமெண்டு வாங்கியதே அவர் கடையில்! எங்கே கொண்டு போகிறீர்கள் என்று கேட்டதற்கு, வாங்கியவர் வாய் நிறைய இடத்தைச் சொல்லியிருக்கிறார். தவுக்கே சத்தம் போடவில்லை. ‘ஐயோயோ’ என்றார், அவ்வளவுதான். அப்புறம், வருகிற சனிக்கிழமை காலை பத்து மணிக்கு வருவேன், அங்கே ஒரு செங்கல் இருந்தாலும் ஞாயிற்றுக்கிழமை லோரி நிற்கும் என்றார். அன்றைக்குச் செவ்வாய்.

புதன்கிழமை விடிந்ததும் போய் முடிச்சில் கை வைத்தேன். நான் கட்டிய துணி. நான் பூசிய மஞ்சள். பாசாரில் பேரம் பேசி வாங்கியது, என்ன விலை என்றுகூட எனக்கு ஞாபகம் இருக்கிறது. அதில் எந்தச் சாமியும் இல்லை என்பது இந்த உலகத்தில் என் ஒருத்திக்குத்தான் தெரியும். இருந்தும் கையை எடுத்துவிட்டேன். ஒரு மாதமாக அத்தனை பேர் அழுது கும்பிட்ட முடிச்சு அது. அவிழ்த்தால் ஏதாவது ஆகிவிடுமோ? எனக்குப் பயமாக இருந்தது, அதை ஒத்துக்கொள்வதில் எனக்கு வெட்கமில்லை. மத்தியானம் வீட்டுக்காரரைக் கூட்டிக்கொண்டு வந்து, நீங்கள் அவிழ்த்துவிடுங்கள் என்றேன். வீராப்பாக வந்தவர், மரத்துக்கு இரண்டடி முன்னால் நின்று, முதுகு பிடித்துக்கொண்டது என்றார்.

“வேலியில போன ஓணான நீயே எடுத்து மடியில விட்டுக்கிட்ட. இப்ப என்னைய எடுத்து வெளிய போடச் சொல்ற. நான் ரோட்டுல லோரி ஓட்டுறவன், எனக்கு இந்த வம்பெல்லாம் வேணாம்” என்றார். போகும்போது செருப்பைக் கழற்றிவிட்டு ஒரு கும்பிடும் போட்டுவிட்டுப் போனார்.

அன்று சாயங்காலம் ஐந்தாவது மாடி அக்கா விளக்கோடு இறங்கி வந்தார். மழை இருட்டிக்கொண்டு நின்றதால் வேறு யாரும் இல்லை. எனக்கு நிலம் போகப் போகிற துக்கம் ஒரு பக்கம், பொய் சொன்ன குற்றம் ஒரு பக்கம். இவரை ஏமாற்றியதுதான் எல்லாவற்றிலும் அதிகமாக உறுத்தியது. சொல்லிவிடுவது என்று முடிவு செய்தேன்.

“அக்கா, ஒன்னு சொல்றேன், கோவிச்சுக்காதீங்க. இங்க அம்மன் ஒன்னும் வரல. எலை ஒடிக்கிறவங்களுக்குப் பயந்து நான்தான் அந்தத் துணியக் கட்டினேன்.”

அக்கா திரியைத் தூண்டிவிட்டுக்கொண்டே சொன்னார். “தெரியும்லா. நீ கட்டும்போது நான் மேல பல்லு வெளக்கிக்கிட்டு நின்னேன்.”

தெரிந்துமா விளக்கேற்றினீர்கள் என்று கேட்டேன். அவர் நாற்காலி ஒன்றை இழுத்து உட்கார்ந்து, முட்டியை நீவிக்கொண்டு சொன்னார்.

“எம் மகளுக்கு ரெண்டு தங்கல. இது மூணாவது, ஏழாம் மாசம். பெரிய கோயிலுக்குப் போவணும்னா ரெண்டு பஸ் மாறணும், எம் முட்டிக்கு ஆவாது. மேலேர்ந்து பாத்தா மஞ்சத் துணி. யாரு கட்டினா எனக்கென்னம்மா? கும்புட ஒரு எடம் வேணும், அவ்ளோதான்.”

தவுக்கே போன் செய்ததை, சனிக்கிழமைக் கெடுவை, அவிழ்க்க வராத என் கையை, எல்லாவற்றையும் கொட்டினேன். மேடை எழும்பினால் நிலம் போய்விடும் என்றேன். அவருடைய கும்பிடும் இடத்தைப் பிடுங்குகிறேனே என்ற வேதனையில் எனக்கு அழுகையே வந்துவிட்டது. அக்கா என்னை ஒரு மாதிரி பார்த்தார்.

“துணிய அவுத்தா மரம் எங்க போயிடும்? நான் வேண்டிக்கிட்டது மரத்துக்கிட்ட. துணி இல்லன்னா அதுக்குக் காது கேக்காதா?” என்றார். பிறகு, “சும்மா அவுக்கக் கூடாது. எஸ்டேட்டுல கரகம் எறக்கினா ஆத்துல விட்டுட்டுத்தானே வீட்டுக்கு வருவோம்? கூப்புட்டவ அனுப்பத் தெரிஞ்சுக்கணும்” என்றார்.

இதை நான் எப்படி யோசிக்காமல் போனேன்! சின்ன வயதில் எத்தனை திருவிழா பார்த்திருக்கிறேன். அம்மனைக் கரகத்தில் அழைப்போம், திருவிழா முடிந்ததும் மரியாதையாகத் தண்ணீரில் அனுப்பிவிடுவோம். அழைத்துவிட்டு வழியனுப்பாமல் விட்டதுதான் நான் செய்த தப்பு. அந்த வார்த்தை காதில் விழுந்ததும் எனக்கு உடம்பெல்லாம் சுறுசுறுப்பு வந்துவிட்டது.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் எல்லோரையும் வரச் சொன்னோம். முதல் விளக்கு ஏற்றியவர் என்பதால் அக்காவின் பேச்சுக்குக் கமிட்டியில் எதிர்ப்பே இல்லை. அம்மன் இவ்வளவு நாள் இங்கே இருந்து பார்த்தாள், இனி அவளுக்கு அவள் வீட்டில்தான் இருக்கப் பிரியம் என்று ஒரே போடாகப் போட்டார். கிள்ளானில் ஒரு அம்மன் கோயிலில் திருப்பணி நடந்துகொண்டிருந்தது, சிமெண்டும் செங்கல்லும் அங்கே போகட்டும், கட்டிடம் அங்கே எழும்பட்டும் என்றார். நம்பர்காரர் முகம் சுண்டிவிட்டது. சூலத்தை நீங்கள்தான் பிடித்துக்கொண்டு வர வேண்டும் என்று அக்கா சொன்னதும் சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு நிமிர்ந்து நின்றார். பொங்கல் வைத்தோம். ஒரு செம்பில் தண்ணீர் நிறைத்து, அந்த மரத்து இலையையே சொருகிக் கரகம் ஜோடித்தோம். கற்பூரம் காட்டியபின் அக்கா என் கையைப் பிடித்து முடிச்சின் மேல் வைத்து, அதன் மேல் தன் கையை வைத்தார். இரண்டு முடிச்சும் அவிழ்ந்தன. ஒன்றும் ஆகவில்லை.

அந்தக் கோயில் வரைக்கும் ஊர்வலத்துக்கு வண்டி? என் வீட்டுக்காரருடைய லோரிதான்! முதலாளியிடம் கேட்டு, கழுவி, மாவிலை கட்டி எடுத்துவந்திருந்தார். முதுகுவலி எங்கே போனது என்று நான் கேட்கவில்லை. சூலம், படம், எலுமிச்சம்பழம், சிமெண்டு, செங்கல், நாற்காலி, நம்பர்காரர் எல்லாம் ஏறின. அக்கா முன் சீட்டில் கரகத்தை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். கிளம்பும்போது மடித்த மஞ்சள் துணியை ஜன்னல் வழியாக என்னிடம் நீட்டி, இதை நீ வைத்துக்கொள், பூப் பிடிக்க ஆகும் என்றார்.

சனிக்கிழமை விடியும்போதே போய், துணியை உதறி மரத்தடியில் விரித்தேன். வேப்பம்பூவைப் பறிக்கவே வேண்டியதில்லை, கீழே துணியை விரித்துவிட்டால் தானாக உதிரும். எனக்கிருந்த பரபரப்பில் இது மறந்தே போயிருந்தது. கிளையை லேசாக அசைத்ததும் பூ மழையாக விழுந்தது. என் தலையில், தோளில், துணியில், எங்கு பார்த்தாலும் வெள்ளை. யாருமில்லை என்ற தைரியத்தில் சின்னப் பிள்ளை மாதிரி சத்தமாகச் சிரித்தேன்.

பத்து மணிக்குத் தவுக்கே வந்தார். கையைப் பின்னால் கட்டிக்கொண்டு பாத்தி பாத்தியாக நடந்தார். நானும் இரண்டடி பின்னாலேயே போனேன். கால்வாயோரம் குனிந்து வல்லாரை ஒன்றைக் கிள்ளி, சட்டையில் துடைத்து மென்றார். நிலவேம்பு இலையைக் கடித்து முகத்தைச் சுளித்தார், பிறகு தலையை ஆட்டினார். கடைசியில் வேம்பு. அடிமரத்தில் மஞ்சள் கறை இருந்தது, பட்டையின் வெடிப்பில் பவுடர் இருந்தது. அதை அவர் ரொம்ப நேரம் பார்த்தார். செங்கல் இருந்த இடத்தைப் பார்த்தார். தரையில் மஞ்சள் துணி நிறையக் கிடந்த பூவைப் பார்த்தார். இதெல்லாம் விற்பனைக்கா என்று கேட்டார். மத்தியான ரயிலில் பிரிக்பீல்ட்ஸுக்குப் போகிறது, மாதாமாதம் மற்றதும் போகும் என்றேன். அந்த லோரிக்காரனுக்கு இல்லை என்று சொல்லிவிடுகிறேன், அடுத்த வருஷமும் நட்டுக்கொள் என்றார். ‘போலே’, ஆகட்டும் என்ற அந்த ஒரு வார்த்தையைக் கேட்க எவ்வளவு ஆசைப்பட்டிருந்தேன்! இரண்டு கையாலும் கும்பிட்டேன். அவர் கார் வரைக்கும் போய்த் திரும்பி வந்து, உண்மையாகவே அந்த ஆளுக்கு நம்பர் அடித்ததா என்று மெல்லக் கேட்டுவிட்டுப் போனார்.

முதல் கைப்பூவை ஒரு கிண்ணத்தில் அள்ளிக்கொண்டு பிளாட்டுக்கு ஓடினேன். ஐந்து மாடி. மூன்றாவது மாடியிலேயே எனக்கு மூச்சு வாங்கியது. இந்தப் படியைத்தான் அந்த முட்டியோடு அக்கா ஒவ்வொரு நாளும் இறங்கி ஏறியிருக்கிறார் என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. மகள்தான் கதவைத் திறந்தாள். வயிற்றைத் தூக்கிக்கொண்டு மெதுவாக நடந்தாள். விஷயத்தைச் சொன்னேன். புத்தாண்டுப் பச்சடிக்கு என்று பூவைக் கொடுத்தேன். அவள் ஒரு சிட்டிகையை அப்படியே வாயில் போட்டுக்கொண்டு, ஐயே என்று முகத்தைக் கோணினாள். அக்கா அடுப்படியிலிருந்து, கசப்பைத் துப்பாமல் முழுங்கு என்று அதட்டினார். முழுங்கினாள்.

காற்றுக்காகப் பின்பக்கம் துணி காயப்போடும் இடத்துக்குப் போய் நின்றேன். கீழே என் தோட்டம். எவ்வளவு தெளிவாகத் தெரிந்தது! ஒவ்வொரு பாத்தியும், தூதுவளைக் கம்பிவலையும், வல்லாரையின் பச்சையும், மரத்தடியில் நான் விரித்த மஞ்சள் துணியும் அப்படி அப்படியே தெரிந்தன. அன்றைக்கு விடியற்காலையில் துணியை இடுப்பில் மறைத்துக்கொண்டு, திருடி மாதிரி நான் நின்ற இடமும் தெரிந்தது. சந்தின் இரண்டு பக்கமும் பார்த்தேன், சுவரோரம் பார்த்தேன், கால்வாய்ப் பக்கம் பார்த்தேன். மேலே மட்டும் நான் பார்க்கவே இல்லை.